குரலுக்கு விளக்கெரியும் பசு

எங்கள் வீடு நாமக்கல்லில் சேலம் ரோட்டோரம், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்தது. காலையில் சுத்தியல் விழ ஆரம்பித்தால், சோற்று நேரம் போக, பொழுது சாய்கிற வரை நிற்காது. என் வீட்டுக்காரர் அந்தப் பட்டறைகளுக்கு ஒயரிங் வேலை செய்தார். புது லாரிக்கு முன்விளக்கு, பின்விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன் எல்லாம் அவர் கைதான். ஓய்ந்த நேரத்தில் ரேடியோவும் பார்ப்பார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், எழுதுவது அதைவிட மெதுவு. ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும். அந்தப் பசுப் பொம்மையைச் செய்தது அவர். அது எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னது நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

எங்களுக்கு ஒரே மகள். மூன்று வயதுக்கு முன்பே வாய் ஓயாமல் பேசுவாள். காக்கா என்பாள், எருமையை 'எம்மே' என்பாள், அவள் அப்பாவை என்னைப் போலவே 'ஏனுங்க' என்று கூப்பிட்டுச் சிரிக்க வைப்பாள். பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. பிள்ளை பிழைத்தது. காது போய்விட்டது. சேலத்தில் டாக்டர் பார்த்துவிட்டு, நரம்பு செத்துப்போச்சு, இதற்கு மருந்து இல்லை என்று சொன்னார்.

காது போனதை நான் ஒரு மாதத்தில் ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொள்ள முடியாதது அடுத்து நடந்தது. அவளுடைய பேச்சு ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. முதலில் எருமைக்கு வைத்த பெயர் போனது. பிறகு காக்கா போனது. அம்மா மட்டும் கொஞ்ச நாள் தேய்ந்து தேய்ந்து இருந்தது, அதுவும் போனது. ஐந்து வயதை நெருங்கும்போது வாயைத் திறந்து உதட்டை மட்டும் அசைப்பாள். நாங்கள் பேசுகிறபோது எங்கள் உதடு அசைகிறதல்லவா, பேச்சு என்றால் அவ்வளவுதான் என்று எண்ணிக்கொண்டாள். சத்தம் வராது. அழுதால் மட்டும் சத்தம் உண்டு.

சேலத்தில் காது கேளாத பிள்ளைகளுக்குக் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே இருந்த சிஸ்டர் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"பிள்ளை கெட்டிக்காரி, அம்மா. அடுத்த வருஷம் ஜூனில் கொண்டு வாங்க, சேத்துக்கறேன். ஆனா அதுவரைக்கும் குரலைத் தூங்க விட்டுறாதீங்க. தனக்குக் குரல் இருக்குங்கிறதையே மறந்துட்டா, அப்புறம் எழுப்பறது ரொம்பக் கஷ்டம்."

"எப்படிங்க சிஸ்டர் எழுப்பறது? அவளுக்குத்தான் அவ சத்தமே கேக்காதே?"

"கண்ணால கேக்க வைக்கணும். வெளிநாட்டில் ஒரு பெட்டி வெச்சிருக்காங்க. பிள்ளை சத்தம் போட்டா விளக்கு எரியும். நிறுத்தினா அணைஞ்சிரும். எங்ககிட்ட அது இல்லை."

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் பஸ்ஸில் டிக்கெட்டின் பின்னால் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கின பிறகு, "மைக்கு ஒண்ணு இருந்தா பண்ணிரலாம் புள்ள," என்றார்.

பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றிலிருந்து கடலை அளவு மைக்கைக் கழற்றினார். சத்தம் மைக்கில் விழுந்தால் அதைப் பெரிதாக்கி விளக்குக்குக் கரண்டு விடுகிற மாதிரி ரேடியோ சாமான்களை வைத்து ஈயம் பற்றவைத்தார். விளக்கு, லாரியின் இண்டிகேட்டர் பல்பு. கரண்டு, லாரி பேட்டரி. எல்லாவற்றையும் மரத்தில் செய்த ஒரு குட்டி லாரிக்குள் வைத்தார். முன்விளக்கு இரண்டும் குரலுக்கு எரியும். பார்க்க அச்சு அசலாகப் பட்டறை லாரி. மனிதர் பெருமையோடு அதை நடுவீட்டில் வைத்தார்.

மகள் லாரியின் பின்னால் போய் நின்று தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனாள். நான் கத்தினேன், விளக்கு எரிந்தது, அவள் பார்க்கவில்லை. பின்னால் நிற்கிறவளுக்கு முன்விளக்கு எப்படித் தெரியும்?

"ஏனுங்க, லாரியப் பாத்தா எந்தப் புள்ளையும் தள்ளத்தானுங்க செய்யும்," என்றேன். "புள்ள மொகத்தப் பாத்துத்தான் பேசும். மொகம் பண்ணுங்க. கண்ணுல வெளக்கு வையுங்க."

அவருக்குக் கோபம். ஒரு வாரம் லாரியைத்தான் திருத்திக்கொண்டிருந்தார். பிறகு பட்டறைப் பெயிண்டரிடம் ஒரு பலகையில் முகம் வரைந்து வாங்கி வந்தார். அந்த ஆளுக்குத் தெரிந்த முகம், லாரி முன்னால் திருஷ்டிக்கு எழுதுகிற பூதம். முட்டைக் கண், தொங்கின நாக்கு, மீசை. என் மகள் அதைப் பார்த்து வீறிட்டாள். வீறிட்டதும் பூதத்தின் கண் இரண்டும் சிவப்பாக எரிந்தது. அவள் இன்னும் கத்தினாள், அது இன்னும் எரிந்தது. அவள் ஓடிப்போய் தவிட்டுக் கூடைக்குள் உட்கார்ந்துகொண்டாள்.

என் வீட்டுக்காரருடைய அக்கா, என் நங்கை, அதே தெருவில் இருந்தார். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. பொழுதுக்கும் எங்கள் வீட்டில்தான் இருப்பார். அவர் கூடையிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தம்பியைப் பிடித்தார்.

"ஏன்டா, புள்ளைக்குக் காதுதான் போச்சு, உசுரையும் எடுக்கறதுக்கா பொம்ம பண்ணுன? புருஷனும் பொண்டாட்டியும் பல்பு மாட்டிக்கிட்டே இருங்க. கோயிலுக்கு வேண்டிக்கிட்டாலும் பிரயோசனமுண்டு."

"நீங்க வேண்டிக்குங்க நங்கை. நாங்க பல்பு மாட்டறோம். எது மொதல்ல எரியுதுன்னு பாப்போம்," என்றேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவு வாய் இருந்தது.

பூதத்தின் மேல் வெள்ளை அடித்து, அதே பெயிண்டர் லாரிக்குப் பின்னால் எழுதுகிற பசுவை எழுதினார். சாந்தமான முகம், நெற்றியில் பொட்டு, கண்ணில் பல்பு, மூக்குத் துளைகளுக்குப் பின்னால் மைக். எங்கள் எருமையின் முகத்தைத் தடவிப் பழகினவள் அதனால் பயப்படவில்லை. கிட்ட வந்து மூக்கைத் தொட்டாள்.

ஆனால் பசு சும்மா சும்மா எரிந்தது. பட்டறையில் சுத்தியல் விழுந்தால் எரியும். லாரி கியர் மாற்றினால் எரியும். மைக்குக்கு ஒரு திருகு வைத்திருந்தார். அதைக் கூட்டினால் காக்கை கத்தினாலும் எரிந்தது, குறைத்தால் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் எரியவில்லை. எது எதற்கோ எரிகிற விளக்கு தன் குரலுக்கு எரிகிறது என்று ஒரு பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? மகள் அதை ஒரு மினுக்குகிற பொம்மை என்று நினைத்துச் சிரித்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

அப்போதுதான் அமாவாசை எனக்கு நினைவு வந்தது. அமாவாசையன்று எங்கள் பக்கத்தில் ஆசாரிகள் உளியும் சுத்தியலும் தொட மாட்டார்கள். பட்டறை எல்லாம் மூடிக் கிடக்கும். பாதி லாரியும் பூஜை போட்டு நின்றுவிடும். மற்ற நாளில் பட்டறை ஓய்கிற கொஞ்ச நேரத்திலும் ரோட்டில் லாரி ஓயாது; மாதத்தில் அந்த ஒரு நாள்தான் எங்கள் வீட்டில் பேசினால் பேசினது கேட்கும். "அமாவாசையன்னிக்குச் சோதிச்சுப் பாருங்க," என்றேன். அதிலிருந்து எங்கள் பொம்மைக்கு மாதத்தில் ஒரு நாள்தான் பரீட்சை.

நான் பசுவின் முன்னால் உட்கார்ந்து 'ஆ' என்பேன். கண் எரியும். வாயை மூடுவேன். அணையும். மகளின் கையை எடுத்து என் தொண்டையில் வைத்து மறுபடியும் சொல்வேன். பிறகு அவளைக் காட்டுவேன். அவள் என்னை விடப் பெரிதாக வாயைத் திறப்பாள், சத்தமே இல்லாமல். பசு சும்மா இருக்கும். அவள் என் வாயைப் பார்ப்பாள், பசுவைப் பார்ப்பாள், தன் வாயைக் கையால் தொட்டுப் பார்ப்பாள். எனக்கும் அம்மாவுக்கும் வாய் ஒன்றுதானே, எனக்கு மட்டும் ஏன் எரியவில்லை என்று அந்த முகம் கேட்கும். ஒரு அமாவாசை போனது. இன்னொன்று போனது. வைகாசி, ஆனி, ஆடி என்று போய்க்கொண்டே இருந்தது. அழுதால் பசு எரியும், ஆனால் அழுகிறபோது கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். எரிந்ததை எங்கே பார்ப்பது?

கிணற்றில் குடம் விழுந்தால் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவுவோம். குடம் உள்ளே கிடப்பது தெரியும், கரண்டி தொடுவதும் தெரியும், மாட்டாது. என் நிலைமை அப்படித்தான் இருந்தது. எருமைக்குப் புல் அறுக்கப் போகிற இடத்தில் நின்றுகொண்டு தனியாக அழுதிருக்கிறேன். வீட்டில் அழ மாட்டேன். நங்கை பார்த்துவிடுவார்.

புரட்டாசியில் மாளய அமாவாசை வந்தது. அன்றைக்கும் அதே கூத்து. மகள் வாயைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். பசு எரியவில்லை. அவளுக்கு ஆத்திரம் வந்து பசுவின் நெற்றியில் ஒரு அடி அடித்தாள். அடிக்கிறபோது மூச்சை முக்கினாள். 'க்ஹா' என்று ஒரு சத்தம் வந்தது. பசு கண் திறந்தது.

அவள் அசையவில்லை. நாங்களும் அசையவில்லை. மறுபடியும் அடித்தாள், இந்தத் தடவை வாய் மூடி. எரியவில்லை. அடிக்காமல் முக்கினாள். எரிந்தது. என் பக்கம் திரும்பி, தன் கையை எடுத்துத் தன் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு, 'ஆ' என்றாள். எரிந்தது. அன்று பொழுதுக்கும் ஆ, ஆ என்றே இருந்தாள். நங்கை சாமி படத்துக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தினார். "உங்க சாமியுங்களா, எங்க பல்புங்களா?" என்று கேட்டேன். "ரெண்டுந்தான் போ," என்றார்.

பிடிபட்டுவிட்டதால், அதற்குப் பிறகு நடுவில் லாரி போனாலும் குழம்பாமல், பட்டறை தொடங்குவதற்கு முன்னால் காலையில் கொஞ்சம், ஆட்கள் சாப்பிடப் போகிறபோது மத்தியானம் கொஞ்சம் என்று தினமும் பசுவோடு கத்துவாள். எனக்குச் சோறு இறங்கியது.

ஆயுத பூஜை வந்தது. பட்டறைக்காரர்கள் வீட்டில் அந்தப் பூஜைக்கு விட்டுப்போகிற சாமான் கிடையாது. ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், ஈயம் பற்றவைக்கிற கம்பி, சைக்கிள், எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது ஆம்பளைகள் வேலை. என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கடைசியில் பசுவைத் தூக்கி வந்து நடுவில் வைத்தார். அந்த வருஷம் அவருக்கு அதை விடப் பெரிய ஆயுதம் ஏது? பக்தி பொங்கி, சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக அதன் முகம் பூராவும் தெளித்து, நெற்றியில் பூசி, மூக்கில் பூசி, குங்குமம் வைத்தார். கையெடுத்துக் கும்பிட்டபோது அவர் கண் கலங்கியிருந்தது. நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விஜயதசமி. பட்டறை ஓய்ந்திருந்தது. மகள் எழுந்ததும் நேரே பசுவிடம் போய் 'ஆ' என்றாள். எரியவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னாள். தொண்டையில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அந்த வீடு அப்படி ஒரு குரலை அவளிடம் கேட்டதே இல்லை, அவ்வளவு கத்தினாள். பசு செத்த மாடு மாதிரி இருந்தது. அவளுடைய சத்தம் சிறுத்துச் சிறுத்துக் கடைசியில் உதடு மட்டும் அசைந்தது.

இவர் ஓடி வந்து பின்பலகையைக் கழற்றினார். மூக்குத் துளை வழியாகச் சந்தனத் தண்ணீர் இறங்கி மைக் முழுக்க ஊறி, அடையாகக் காய்ந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நான் பூசுனதுதான் புள்ள. நானேதான் பூசுனேன்."

திட்டுவதற்கு வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

பூஜைக்கு மூடின ரேடியோ கடை சேலத்தில் திறந்தபோது, அந்த மாதிரி மைக் இல்லை, மெட்ராஸில் இருந்து வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை பிள்ளை விட்டுப்போகக் கூடாதென்று இவர் லாரி ஹாரன் பட்டன் ஒன்றை நீள ஒயரில் பசுவுக்குப் பூட்டினார். பிள்ளை சத்தம் போட்டால் நாம் பின்னால் இருந்து அமுக்க வேண்டும். நான் எருமையைப் பார்க்க வெளியே போகிற நேரத்தில் பட்டன் நங்கை கையில் இருக்கும்.

"சத்தம் வந்தாத்தான் அமுக்கோணும் நங்கை. வாயத் தொறந்தா அமுக்கக் கூடாது."

"எனக்குத் தெரியாதா? நாலு கழுதை வயசாச்சு எனக்கு."

பட்டறையில் மறுபடி சுத்தியல் ஆரம்பித்துவிட்டது. அந்த இரைச்சலில் பிள்ளையின் குரல் நங்கையின் காதுக்கு எப்படித் தெரியும்? வாயைப் பார்த்தார். வாய் திறந்தால் அமுக்கினார். மகளுக்கு இரண்டே நாளில் தெரிந்துவிட்டது, கஷ்டப்பட்டு முக்க வேண்டியதில்லை, வாயைத் திறந்தாலே பசு கண் திறக்கும் என்று. புது மைக் வந்து பூட்டி, பட்டனைக் கழற்றின பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மத்தியானம் பட்டறை அடங்கின நேரம். மகள் பசுவின் முன்னால் போய் வாயைத் திறந்தாள். ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. பசு சும்மா இருந்தது. அவள் திரும்பி நங்கையைப் பார்த்தாள். போய் நங்கையின் கையைப் பிடித்து இழுத்து வந்து, பட்டன் இருந்த இடத்தில் வைத்தாள்.

"என்ன பண்ணி வெச்சிருக்கறீங்க நங்கை?"

"புள்ள வாயத் தொறந்து கேக்குது. எப்படிக் குடுக்காம இருக்கறது? நீ பெத்தவ, உனக்குக் கல்லு நெஞ்சு. எனக்கில்ல."

"கல்லு நெஞ்சுதானுங்க. அது இருந்தாத்தான் அவ பேசுவா."

நங்கை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த நாளே வந்துவிட்டார், அது வேறு. ஆனால் எங்கள் மகள் பசுவிடம் போவதை நிறுத்திவிட்டாள். அது அவளுக்குப் பொய் சொன்ன மாடு. கூட்டிப் போய் உட்கார வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் தொண்டையில் கையை வைத்தால் உருவிக்கொண்டாள். குரல் இருந்த சுவடு இல்லை. முன்னால் அறியாமல் ஊமையாக இருந்தாள், இப்போது வேண்டுமென்றே இருந்தாள். எனக்கு இதுதான் பயம். ஜூன் வரும், சிஸ்டர் கேட்பார், நான் என்ன சொல்வேன்?

அடுத்த அமாவாசையை எண்ணிக்கொண்டிருந்தேன். அது தீபாவளி அமாவாசை. வருஷத்தில் எல்லா அமாவாசையும் ஓய்ந்திருக்கும், அது ஒன்றுதான் ஊரே வெடிக்கிற நாள். "அடுத்த மாசம் பாக்கலாம்," என்றார் இவர். நான் கேட்கவில்லை. இவருடைய அப்பன் வழியில் கிழக்கே வெகு தூரத்தில் ஒரு மேட்டுக் காடு இருந்தது, சோளத்தட்டு அறுத்து வெறுமனே கிடந்தது. கிணற்றோரம் மோட்டார் ரூம். அவர் சைக்கிள் கேரியரில் லாரி பேட்டரியைக் கட்டிக்கொண்டார். நான் பசுவைக் கூடையில் வைத்துத் தலையில் எடுத்துக்கொண்டேன். நங்கை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார், நல்ல நாளும் அதுவுமாகப் பைத்தியங்களோடு அலைய வேண்டியிருக்கிறதே என்று வழி பூராவும் சொல்லிக்கொண்டு.

அங்கே வெடிச்சத்தம் மழைக்கு முன் இடி மாதிரி எங்கேயோ கேட்டது, பசுவுக்கு எட்டவில்லை. மோட்டார் ரூம் நிழலில் பசுவை வைத்தோம். நான் கூப்பிட்டுக் காட்டினேன். இவர் கூப்பிட்டுக் காட்டினார். பிள்ளை மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை பசுவைப் பார்த்து வாயைத் திறந்தாள், உடனே நங்கையின் கையைப் பார்த்தாள்.

"நங்கை, நீங்க அக்கட்டால போயித் திரும்பி உக்காருங்க. கையச் சேலைக்குள்ள வெச்சுக்குங்க. அவ என்ன பண்ணினாலும் திரும்பக் கூடாது."

"என்னைய எதுக்குடி தண்டிக்கற?"

"சத்தங் கேட்டாத் திரும்புங்க. இல்லாட்டித் திரும்பாதீங்க."

நங்கை வரப்பில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பிள்ளை அவர் முன்னால் போனால் முகத்தை மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அவள் முதுகை இழுத்தாள். அடித்தாள். நங்கையின் தோள் குலுங்கியது, அழுகிறார் என்று தெரிந்தது, ஆனால் திரும்பவில்லை. என் வீட்டுக்காரர், "போதும் புள்ள, உட்று," என்றார். நான் விடவில்லை. மத்தியானச் சோறு பிரிக்காமல் கிடந்தது. பிள்ளை தொய்ந்து போய் நங்கையின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். வாயைத் திறந்தாள். மூடினாள். முதுகுக்குக் கண் இல்லை என்று எப்போது புரிந்ததோ தெரியவில்லை. தன் கையை மெல்ல எடுத்துத் தொண்டையில் வைத்துக்கொண்டு, 'ஆ' என்றாள்.

பசு எரியவில்லை. அது தூரத்தில் இருந்தது. நங்கை திரும்பினார்.

பிள்ளை திடுக்கிட்டுப் பின்னால் ஒரு அடி வைத்தாள். பல்பு இல்லை, பட்டன் இல்லை, ஒரு பெரிய மனுஷி திரும்பியிருக்கிறாள். அவள் நங்கையின் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். கை சேலைக்குள்தான் இருந்தது.

அது பேச்சு இல்லை. ஒரு எழுத்துக்கூட இல்லை. வெறும் தொண்டைச் சத்தம். நங்கை இரண்டு கையையும் நீட்டி, "எஞ்சாமி," என்று தூக்கப் போனார். இவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் ஓடிப்போய் அள்ளிக்கொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது.

"நங்கை," என்றேன், "மறுபடியும் திரும்பி உக்காருங்க."